கோட்டுக்கு இஞ்சால

பந்து களத்தை விட்டு வெளியே உருண்டு வந்தால் அவர் குனிந்து அதை இரண்டு கைகளாலும் எடுப்பார். தட்ட மாட்டார், எறிய மாட்டார், காலால் ஒரு தள்ளுத் தள்ளிவிடவும் மாட்டார். அர்ச்சனைத் தட்டைக் கொண்டுபோவதுபோல ஏந்திக்கொண்டு நடந்துபோய், வெள்ளைக் கோட்டுக்கு வெளிப்பக்கமாக, கோட்டில் முட்டாமல் வைப்பார். அது உருளாது என்று நிச்சயமான பிறகுதான் கையை எடுப்பார். அதுவரைக்கும் உள்ளே நிற்கிற ஜெர்மன்காரப் பெடியன்கள் எல்லோரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். முதல் தடவை பார்த்தபோது இது ஏதோ பக்தி என்று நினைத்தேன். பக்தி இல்லை, கொழுப்பு என்று விளங்கச் சில கிழமைகள் பிடித்தன.

ஜெர்மனியில், வுப்பர்டால் நகரத்தில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியின் கூடைப்பந்துக் குழுவுக்கு அவர் ‘பெட்ரொயர்’. குழுவைக் கவனித்துக்கொள்கிறவர் என்று அர்த்தம். தண்ணீர்ப் போத்தல், துவாய், முதலுதவிப் பெட்டி, மண்டபத்துத் திறப்புக் கொத்து, விளக்குச் சுவிட்சு எல்லாம் அவர் பொறுப்பு. யாழ்ப்பாணத்து மனிதர்தான். நாங்கள் அகதிகளாக வந்து விழுவதற்குப் பல வருடங்களுக்கு முன்னரே, மாணவர் விசாவோடு ஒழுங்காக விமானம் ஏறி வந்தவர். எதைப் படிக்க வந்தார், படித்து முடித்தாரா என்பது ஒருவருக்கும் தெரியாது. அவருக்குக் கூடைப்பந்து விளையாட வருமா என்பதும் தெரியாது. ஊரில் பெரிய ஆட்டக்காரனாக இருந்தவர் என்று எங்கள் ஆட்களில் ஒரு கட்சி, பந்தைக் கண்டாலே ஒதுங்கிப் போனவர் என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. அவரை வெறுப்பதற்கு அதுதான் எனக்குத் தோதாக இருந்தது.

மெலிந்த ஆள். சாம்பல் நிறத்தில் ஒரு ஜாக்கெட், சிப் தொண்டைவரை இழுத்திருக்கும். மண்டபத்துக்குள்ளே வெப்பம் போட்டு, பெடியன்கள் வியர்வையில் குளித்துக்கொண்டு நின்றாலும் அவர் அந்தச் சிப்பை ஒரு அங்குலம் இறக்க மாட்டார். விளையாடுகிறவன்தான் உடுப்பைக் கழற்ற வேண்டும், மற்றவனுக்கு என்னத்துக்கு என்று ஒரு நாள் சொன்னார்.

நான் கிழக்கு பெர்லின் வழியாக மேற்குக்கு வந்து, அசூல் என்று அகதித் தஞ்சம் கேட்டு, வுப்பர்டாலில் ஒரு ஹைமில் போடப்பட்டவன். அகதிகளை அடுக்கி வைக்கும் விடுதிக்கு அங்கே ஹைம் என்று பெயர். வழக்கு முடியும்வரை வேலை செய்யக் கூடாது, படிக்கக் கூடாது, ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. சும்மா இருப்பதுதான் எங்களுக்குத் தரப்பட்ட முழுநேர உத்தியோகம். ஊரில் என் கல்லூரிக்காகக் கூடைப்பந்து விளையாடியவன் நான். சும்மா இருக்க என் கால்களுக்குத் தெரியாது. ஆற்றின் மேலே தொங்கிக்கொண்டு ஓடும் ரயிலின் கீழே நடந்து நடந்து ஊரை அளந்துகொண்டிருந்தேன். அப்படி ஒரு பின்னேரம் மழைக்கு ஒதுங்கிய இடத்தில்தான் அந்தச் சத்தம் கேட்டது. பலகைத் தரையில் பந்து விழுகிற சத்தம். எந்த நாட்டில் கேட்டாலும் அது ஒரே சத்தம்தான். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

போய் நின்ற கையோடு ஒரு பந்து என் காலடிக்கு வந்தது. எங்கள் ஊரில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. களத்தைச் சுற்றி யார் நின்றாலும், அது ஐஸ்பழக்காரராக இருந்தாலும் சரி, பாதிரியாராக இருந்தாலும் சரி, வெளியே வந்த பந்தை நின்ற இடத்திலிருந்தே ஒரு தடவை கூடைக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார்கள். விழுந்தால் கைதட்டு, விழாவிட்டால் கூச்சல். ஒருவரும் குறை நினைப்பதில்லை. நானும் ஈரச் சப்பாத்தோடு நின்றபடியே தூக்கிப் போட்டேன். வளையத்தில் முட்டாமல் இறங்கியது. உள்ளே நின்ற பயிற்சியாளர், தாடி வைத்த பெரிய உடம்புக்காரர், கைதட்டினார்.

அப்போதுதான் பின்னாலிருந்து தமிழ் கேட்டது.

“தம்பி, ஆர் உம்மை எறியச் சொன்னது?”

அந்த ஊரில் ஹைமுக்கு வெளியே நான் கேட்ட முதல் தமிழ் அது. சந்தோஷத்தில் திரும்பினேன். சாம்பல் ஜாக்கெட், சிரிப்பில்லாத முகம்.

“ஆரும் சொல்லேல்லை அண்ணை. பந்து வந்தது...”

“பஸ்ஸும்தான் வரும். ஏறி ஓட்டுவீரோ?”

சுவரோரம் இருந்த வாங்கைக் கையால் காட்டினார்.

“பாக்கிறதெண்டால் இருந்து பாரும். கோட்டுக்கு இஞ்சால நில்லும்.”

எந்த ஊர், யாருடைய மகன், எப்போது வந்தாய், சாப்பிட்டாயா என்று ஒரு கேள்வி இல்லை. வெளிநாட்டில் ஒரு தமிழனைக் கண்ட தமிழன் கேட்காமல் விடாத கேள்விகள் அவை.

அவர் பிடித்துத் தொங்கிய விதியை நியாயமாகவே சொல்லிவிடுகிறேன். கல்லூரிகளுக்கிடையே நடந்த அந்தப் போட்டித் தொடரில், பயிற்சி நேரத்தில் களத்துக்குள் இருக்கக்கூடியவர்கள் மூன்று வகைதான்: பதிவு செய்த ஆட்டக்காரர், உரிமம் உள்ள பயிற்சியாளர், உரிமம் உள்ள ஒரு துணைப் பயிற்சியாளர். தண்ணீர் கொடுப்பவர், துவாய் மடிப்பவர், நேரம் பார்ப்பவர் யாராக இருந்தாலும் கோட்டுக்கு வெளியேதான். பந்து எறிந்து கொடுக்கக் கூடாது, எதிராளியாக நின்று மறிக்கக் கூடாது, ‘முழங்காலை மடி’ என்று ஒரு சொல்லும் சொல்லக் கூடாது. காசுள்ள கல்லூரிகள் பழைய பெரிய ஆட்டக்காரர்களைப் பிடித்து வந்து, தண்ணீர்க்காரன் என்று பெயரை மாத்திரம் எழுதிவிட்டு, அவர்களை வைத்துக் குழுவைப் பழக்கினவாம். அதைத் தடுக்க வந்த விதி. நல்ல விதிதான். ஆனால் நல்ல விதியைக் கொண்டு ஒரு மனிதனுடைய கழுத்தை எப்படி நெரிக்கலாம் என்பதை நான் இவரிடம்தான் கண்டேன்.

பயிற்சியாளருக்கு என்னைப் பிடித்துப்போனது. குழுவில் எல்லோரும் நெடுமரங்கள். எதிர்க் குழு ஒன்றில் கட்டையான, வேகமான ஒருவன் இருந்தான். அவனை மறித்துப் பழக என்னைப்போல ஒரு கட்டையன் தேவைப்பட்டான். செவ்வாய்க்கிழமைகளில் வா, வந்து இவர்களுக்கு எதிராக ஓடு என்றார். ஓடினேன். ஹைமுக்கு வந்த பிறகு என்னுடைய உடம்பு என்னுடையதாக இருந்தது அந்தச் செவ்வாய்க்கிழமைகளில்தான்.

முதல் செவ்வாய் நான் கோட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும் மண்டபம் இருண்டது. சுவிட்சுப் பெட்டிக்குப் பக்கத்தில் அவர் நின்றார். பயிற்சியாளர் சத்தம் போட்டார். இவரோ நல்ல மரியாதையான ஜெர்மனில், உரியவர் அல்லாத ஒருவர் களத்துக்குள் நிற்கிறார், அவர் வெளியே வந்ததும் விளக்கைப் போடுகிறேன் என்றார். நான் வெளியே வந்தேன், வெளிச்சம் வந்தது. உள்ளே போனேன், இருண்டது. பெடியன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசியில் பயிற்சியாளரே போய்ச் சுவிட்சுப் பெட்டியை மறித்துக்கொண்டு நின்று விசில் ஊதினார். இவர் வாங்கில் போய் இருந்தார். பயிற்சி முடியும்வரை என்னை மாத்திரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மனிதர் களத்தோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. ஒரு தைப்பொங்கலுக்கு யாரோ மரியாதைக்கு அவரை ஹைமுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பொதுச் சமையலறையில் ஒவ்வொரு அறைக்கும் ஒவ்வொரு நேரம். எங்கள் நேரத்தில் அடுப்பில் பால் வைத்துவிட்டு ஏலக்காய் எடுக்க அறைக்கு ஓடினேன். திரும்பி வந்தால் பால் பொங்கி, அடுப்பெல்லாம் வழிந்து, கருகிப் புகைந்துகொண்டிருக்கிறது. அடுப்புக்கு முன்னால் இவர், கையைக் கட்டிக்கொண்டு, பார்த்தபடி.

“அண்ணை, அடுப்பைக் குறைச்சிருக்கலாமே!”

“இது ஆரின்ரை பால் எண்டு எனக்குத் தெரியாது. இந்த நேரம் எந்த அறையின்ரை நேரம் எண்டும் தெரியாது. உரிய ஆள் வரவேணும்.”

“பால் பொங்குது எண்டு தெரியுதுதானே?”

“அது தெரியுது.”

அந்த வருடம் எங்களுக்குப் பால் பொங்கியது, பொங்கல்தான் வரவில்லை. கருகலைச் சுரண்டிக்கொண்டு நான் அவரைத் திட்டிய திட்டுகளை இங்கே எழுத ஏலாது. அவர் அதற்குள் தொங்கு ரயில் பிடித்துப் போயிருந்தார்.

பிறகு சப்பாத்துக் கதை. என் சப்பாத்தின் அடி வாயைப் பிளந்துவிட்டது. பயிற்சியாளர் தன்னுடைய பெட்டியிலிருந்து ஒரு சோடி பழைய விளையாட்டுச் சப்பாத்தை எடுத்துத் தந்தார். எனக்கு ஒரு அளவு பெரிது. நுனியில் பஞ்சு அடைத்துப் போட்டுக்கொண்டு பறந்தேன். உடுப்பு மாற்றும் அறை வாசலில் அவர் மறித்தார்.

“சப்பாத்து ஆர் தந்தது?”

“பயிற்சியாளர்.”

“என்னத்துக்கு?”

“என்னத்துக்கோ? விளையாடத்தான்.”

“நீர் இஞ்சை ஓடுறீர். அதுக்கு அவர் சப்பாத்துத் தாறார். வேலைக்குக் கூலி. உமக்கு வேலை செய்ய அனுமதி இருக்கோ?”

அசூல் வழக்கு நடக்கும்போது வேலை செய்து பிடிபட்டால் என்ன நடக்கும் என்று ஹைமில் ஒவ்வொருவனும் ஒவ்வொரு விதமாகச் சொல்லுவான். ஒருவனும் நல்லது சொன்னதில்லை.

“இது பழைய சப்பாத்து அண்ணை.”

“பழைய கூலியும் கூலிதான். கழட்டிக் குடும்.”

கழற்றிக் கொடுத்தேன். அதை அவர் கையில் வாங்கவில்லை, நிலத்தில் வைக்கச் சொன்னார். வாயைப் பிளந்த என் பழைய சப்பாத்தோடு சேற்றில் நடந்து ஹைமுக்குப் போனேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அழுகை இல்லை, ஆத்திரம். வெள்ளைக்காரன் தந்ததைத் தமிழன் பறித்தான் என்று அன்று இரவு ஹைமில் பெரிய கதையாக இருந்தது. அவர் உன்னைக் காப்பாற்றத்தான் செய்திருப்பார் என்று ஒரேயொருவர், என் அறையில் இருந்த வயதான மனிதர், சொன்னார். காப்பாற்றுகிறவன் ஒரு நல்ல வார்த்தை சொல்லுவான், தோளில் கை வைப்பான். நான் அதை நம்பவில்லை. இன்றும் நம்பவில்லை.

அடுத்து நடந்ததைப் பார்த்தால் நான் நம்பாதது சரி என்று நீங்களும் சொல்லுவீர்கள். போட்டித் தொடரை நடத்துகிற பக்கத்திலிருந்து ஒருவர் பயிற்சியைப் பார்வையிட வந்தார். சும்மா சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிற மனிதர்தான். ஆட்கள் எல்லாம் சரிதானே என்று போகிற போக்கில் கேட்டுக்கொண்டு கதவில் கையையும் வைத்துவிட்டார். பயிற்சியாளர் தலையாட்டினார். பெடியன்கள் தலையாட்டினார்கள். இவர் மாத்திரம் வாங்கிலிருந்து எழுந்து நின்றார்.

“இல்லை. அந்த வரிசையில் கடைசியாக நிற்பவர் மாணவர் அல்ல, பயிற்சியாளரும் அல்ல. செவ்வாய்க்கிழமைகளில் உள்ளே விளையாடுகிறார்.”

ஜெர்மனில் சொன்னார். ஒரு இலக்கணப் பிழை இல்லை.

குழு அதற்கு முன் வென்ற ஆட்டம் ஒன்று தோல்வி என்று மாற்றப்பட்டது. பயிற்சியாளருக்கு எச்சரிக்கை. எனக்கு மண்டபத்துக்குள் கால் வைக்கவே தடை. வாசலில் நின்று அவரிடம் கேட்டேன்.

“ஏன் அண்ணை? ஒரு தமிழன்தானே நானும்?”

“கேட்டவர். பதில் சொன்னனான்.”

“பேசாமல் இருந்திருக்கலாமே.”

“பேசாமல் இருக்கிறது என்ரை வேலை இல்லை.” பிறகு, “உரிய ஆளா வாரும். ஆரும் மறிக்க மாட்டினம்” என்றார். மறித்தவர் அதைச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இரண்டு மாரி காலம் அந்த மண்டபத்தின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று பார்த்தேன். உள்ளே பந்து கோட்டுக்கு வெளியே போகும். அவர் ஏந்திக்கொண்டு போய் வைப்பார். கண்ணாடிக்குள்ளால் சத்தம் கேட்காது. கதையாக இருந்தால் இந்த இடத்தில், எல்லோரும் போன பிறகு அவர் தனியே நின்று பந்து போடுவதை நான் ஒளித்திருந்து பார்த்திருக்க வேண்டும். அதை எதிர்பார்த்துப் பல தடவை காத்துநின்றும் இருக்கிறேன். அவர் தரையைத் துடைத்தார், பந்துகளை வலைப்பையில் போட்டுக் கட்டினார், விளக்கை அணைத்தார், கதவைப் பூட்டி இழுத்துப் பார்த்தார். அவ்வளவுதான்.

பிறகு என் வழக்கு வென்றது. அகதி என்று ஏற்றுக்கொண்டார்கள். மொழி படித்து, அதே கல்லூரியில் இடம் எடுத்து, பதிவு செய்த ஆட்டக்காரன் ஆனேன். அது போதாது என்று பயிற்றுநர் வகுப்புக்கும் போனேன். அந்த உரிமத்தை அங்கே ஷைன் என்பார்கள். ஆர்வத்தில் படித்த ஜெர்மன்காரப் பெடியன்கள் இரண்டு பேர் அந்தச் சோதனையில் கோட்டைவிட்டார்கள். நான் கோபத்தில் படித்தேன், முதல் தடவையே தேறினேன். பயிற்சியாளர் என்னைத் துணைப் பயிற்சியாளராகவும் போட்டார்.

மண்டபத்து வாசலில் இவரிடம் அட்டையை நீட்டினேன். இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இத்தனை நாளும் பாடுபட்டதுபோல இருந்தது. முன்பக்கம் பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

“இப்ப சரி. உள்ள போம்.”

அவ்வளவுதான். வெட்கமில்லை, வருத்தமில்லை, ஒரு கைகுலுக்கல் இல்லை. எதிரி தோற்றதாகக் காட்டிக்கொள்ளாவிட்டால் வென்றவன் என்ன செய்வான்? நான் உள்ளே போனேன். முதல் பந்து வெளியே போனதும் ஏந்திக்கொண்டு வந்து எனக்கு முன்னாலும் வைத்தார், கோட்டில் முட்டாமல்.

எண்பத்தொன்பதில் அவர் கனடாவுக்குப் போவதென்று முடிவானது. அங்கே இருந்த தமக்கை கூப்பிட்டிருந்தார். கடைசி நாள் பயிற்சிக்கு வழக்கம்போல நேரத்துக்கு வந்தார். பயிற்சியாளருக்குக் காய்ச்சல், அன்று விசில் என்னுடைய கழுத்தில். பெடியன்கள் அவருக்கு ஒரு கேக் வாங்கி வைத்திருந்தார்கள். மண்டபத்துக்குள் சாப்பாடு தடை என்று அதை வெளியே கொண்டுபோய் வைக்கச் செய்தார்.

பயிற்சி முடியப் போகிற நேரம் ஒரு பந்து வெளியே உருண்டது. அவர் எழுந்தார். எடுத்தார். நடந்து வந்தார். கோட்டுக்குக் கிட்ட வந்து குனியவில்லை. பந்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார்.

“தம்பி.”

“சொல்லுங்கோ அண்ணை.”

“ஊரிலை, வெளியிலை வந்த பந்தை நிண்ட இடத்திலை இருந்து ஒருக்காப் போட்டுப்போட்டுக் குடுப்பம்.”

“ஓம்.”

“ஒண்டு போட்டுப் பாக்கட்டே?”

பெடியன்களுக்குத் தமிழ் விளங்காது, ஆனால் அவர் பந்தை வைக்கவில்லை என்பது விளங்கியது. எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு இருண்ட மண்டபம் நினைவுக்கு வந்தது. நிலத்தில் வைத்த சப்பாத்து நினைவுக்கு வந்தது. கண்ணாடிச் சுவர் நினைவுக்கு வந்தது. என்னுடைய கை விசிலைப் பிடித்திருந்தது.

“ஏலாது அண்ணை. நீங்கள் பெட்ரொயர். பயிற்சி இன்னும் முடியேல்லை.”

பிறகு குனிந்து, கோட்டில் முட்டாமல், பந்தை வைத்தார். அது உருளாது என்று நிச்சயமான பிறகு கையை எடுத்தார்.

“சரி. அதுதான் சரி. சோதிச்சுப் பாத்தனான்.”

திறப்புக் கொத்தை வாங்கில் வைத்துவிட்டு நடந்தார். கதவு தானாக மூடிக்கொண்டது. நான் விசிலை ஊதிப் பயிற்சியைத் தொடர்ந்தேன். அன்று முழுக்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

அந்த மனிதருக்குப் பந்து போட வருமா வராதா என்று எங்கள் ஆட்கள் இப்போதும் சந்திக்கிற இடங்களில் கதைப்பார்கள். கடைசிவரை கூட இருந்தவன் என்று என்னைத்தான் கேட்பார்கள். வராது, என்னைச் சோதிக்கத்தான் கேட்டவர் என்று நானும் அடித்துச் சொல்லுவேன். ஆனால் அவர் வாங்கிலிருந்து எழுந்து பந்தை எடுக்க வந்தபோது, அத்தனை வருடம் தொண்டைவரை இழுத்திருந்த அந்தச் சாம்பல் ஜாக்கெட்டைக் கழற்றி, வடிவாக மடித்து, வாங்கில் வைத்துவிட்டு வந்ததை நான் இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.